ராத்திரி ரெண்டு மணி அலாரம்

சுகர் என்று சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருகிறது?

விடிகாலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு பார்க்கைச் சுற்றும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். கல்யாணப் பந்தியில் ‘எனக்கு ஸ்வீட் வெக்காதப்பா’ என்று கையால் இலையை மறைத்துவிட்டு, பக்கத்து இலை ஜாங்கிரியில் பாதியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெரியப்பா. டீக்கடையில் ‘ஒண்ணு வித்தவுட்’ என்று குரல் கொடுக்கும் ஆபீஸ் நண்பர்.

நாலாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஞாபகத்துக்கு வருகிறாளா? வர மாட்டாள். நம் ஊரில் அது பெரியவர்கள் வியாதி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2022-ல் என் அக்கா மகளுக்கு ஒன்பது வயது. பாளையங்கோட்டையில் வீடு. ஸ்கூலுக்கு ஒரு வாட்டர் பாட்டில் எடுத்துப்போனவள், திடீரென்று மூன்று பாட்டில் கேட்டாள். எப்போதோ நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தது. தட்டு தட்டாகச் சாப்பிட்டாள். ஆனால், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ‘வெயில் காலம், தாகமா இருக்கும்’ என்றார்கள். ‘வயித்துல பூச்சி’ என்றார்கள். ஒரு நாள் வாந்தி. கூடவே மூச்சிரைப்பு. ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துப் பார்த்தால், மீட்டர் நம்பரே காட்டவில்லை. ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. அதற்கு மேல் அளக்க அதனால் முடியாது என்று அர்த்தம்.

டைப் 1 டயாபடிஸ். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிற சமாசாரம். சாக்லேட் நிறையச் சாப்பிட்டதால் வந்ததல்ல. தொட்டால் ஒட்டாது. அம்மா வளர்த்த லட்சணத்தாலும் வருவதல்ல. மாத்திரைக்கும் கட்டுப்படாது. வெளியிலிருந்து இன்சுலின் போட்டால்தான் உயிர். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தினம் நாலு ஊசி. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட.

இன்டர்நேஷனல் டயாபடிஸ் ஃபெடரேஷன் 2021-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் இருபது வயதுக்குக் கீழே டைப் 1 உள்ளவர்கள் சுமார் 2.29 லட்சம் பேர். உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு பேர் இல்லை.

சரி, இத்தனை குழந்தைகள் இருந்தும் உங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லையே, ஏன்?

ஏனென்றால், ஒளித்து வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் எப்படி ஒளித்தார்கள் என்று சொல்கிறேன். அக்காவின் மாமியார் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ‘பொட்டப்புள்ள. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்?’ அன்றிலிருந்து ஊசி என்றால் பெட்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான். இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். ஆனால், வேலைக்கு வரும் அம்மா பார்த்துவிடக் கூடாது. அதனால் பழைய டிபன் பாக்ஸுக்குள் போட்டு, புளிக்குப் பின்னால். ஊசியைப் பேப்பரில் சுற்றி அத்தான் பைக்கில் எடுத்துப்போய் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவார். ஸ்கூலில் ‘தைராய்டு’ என்று சொல்லிவைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் திரும்பிவிடுவார்கள். டூருக்கு அனுப்பவில்லை. தோழி வீட்டுப் பிறந்தநாளுக்கும் அனுப்பவில்லை.

அக்காவின் செல்போனில் தினமும் ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம். தூக்கத்தில் சுகர் இறங்கிவிட்டால் குழந்தைக்குத் தெரியாது என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். பயம் பொய்யும் அல்ல. ஒரு வருஷமாக அக்கா ஒரு நாளும் முழுசாகத் தூங்கவில்லை.

இந்த நிலையில்தான் குழந்தையைப் பார்க்கும் டாக்டர், மே மாதம் ஒரு முகாம் நடக்கிறது, குடும்பத்தோடு வாருங்கள் என்றார். ‘முகாம்’ என்றால் ஷாமியானா போட்டு, வரிசையில் உட்கார்ந்து, பி.பி. பார்த்து அனுப்பும் இலவச முகாம் அல்ல. மூன்று நாள் தங்க வேண்டும். டைப் 1 குழந்தைகள், அவர்களுடைய அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லோரும்.

அக்கா என்னிடம் போனில் கேட்ட முதல் கேள்வி இது: ‘அங்க நமக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்திருந்தா என்னடா பண்றது?’

‘தெரிஞ்சவங்க வந்திருந்தா, அவங்க வீட்டுப் பிள்ளைக்கும் சுகர்னுதானேக்கா அர்த்தம்?’

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ‘அப்ப நீயும் கூட வா’ என்றாள். போனேன்.

2023 மே. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சிறுமலை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. மேலே மரங்களுக்கு நடுவில் ஒரு தங்கும் விடுதி. நாற்பது குழந்தைகள் இருக்கும். சில டாக்டர்களும், ஏற்கெனவே இந்த வியாதியோடு குழந்தை வளர்த்த பெற்றோர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள்.

காலை டிபனுக்கு மணி அடித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகள். முதலில் தட்டு வரவில்லை, மீட்டர் வந்தது. ஆளுக்கொரு விரலைக் குத்தி, நம்பரை அட்டெண்டன்ஸ் மாதிரி உரக்கச் சொல்கிறார்கள். ‘நூத்தி நாப்பது!’ ‘எம்பத்தாறு!’ ‘இருநூத்தி அறுவது!’ இருநூற்று அறுபது என்று சொன்ன பையனை யாரும் திட்டவில்லை. ‘ராத்திரி என்னடா தின்ன?’ என்று விசாரணைக் கமிஷனும் வைக்கவில்லை. ‘இது மார்க் இல்ல. தகவல்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, டயட்டீஷியன் குறித்துக்கொண்டார்.

அப்புறம், பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன் பேச்சை நிறுத்தாமலே சட்டையைத் தூக்கி, வயிற்றில் பேனா ஊசியை வைத்து அழுத்தி, பத்து எண்ணி எடுத்துவிட்டு, இட்லித் தட்டை இழுத்துக்கொண்டான்.

எங்கள் வீட்டுப் பெண் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். ‘அம்மா, அந்த அண்ணனப் பாரேன். எல்லார் முன்னாடியும் போடுறான்!’

அக்கா பதில் சொல்லவில்லை. கை மட்டும் பழக்கதோஷத்தில் குழந்தையின் சட்டையைக் கீழே இழுத்துவிட்டது.

அன்றைக்கு முதல் வகுப்பு, கணக்கு வகுப்பு. நான் படித்தது பி.காம்., எனவே ஆர்வமாகப் போய் உட்கார்ந்தேன். தட்டில் இருக்கும் மாவுச்சத்தை கிராமில் எண்ணுவது ஒரு பக்கம். அதற்கு ஈடான இன்சுலின் இன்னொரு பக்கம். நடுத்தர சைஸ் இட்லி ஒன்றில் சுமார் பத்து கிராம். சின்ன மலை வாழைப்பழத்தில் சுமார் பதினைந்து. மூன்று இட்லி என்றால் முப்பது. எங்கள் பெண்ணுக்குப் பதினைந்து கிராமுக்கு ஒரு யூனிட் என்று டாக்டர் கணக்குப் போட்டுத் தந்திருந்தார். ஆக, ரெண்டு யூனிட். (இந்த விகிதம் குழந்தைக்குக் குழந்தை மாறும். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் போட்டுவிடாதீர்கள்!)

பார்க்க, பற்று வரவு மாதிரி சுலபமாக இருக்கிறது. ஆனால், நாங்கள் படித்த கணக்கு கடைசியில் டேலி ஆகும். இது ஆகவே ஆகாது. ஓடி விளையாடினால் சுகர் இறங்கும். காய்ச்சல் வந்தால் ஏறும். பரீட்சை பயத்துக்கு ஏறும். நேற்று சாயந்திரம் விளையாடிய கபடி, இன்று விடிகாலையில் வேலையைக் காட்டும். லெட்ஜரில் யாரோ நமக்குத் தெரியாமல் என்ட்ரி போட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி.

முகாம் எதற்கு என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும் குழந்தைக்கு அளவு நிர்ணயிப்பது ஒன்று. மரத்தில் ஏறும் குழந்தைக்கு நிர்ணயிப்பது வேறொன்று. குழந்தை படுத்தே இருக்கப்போவதில்லையே! அதனால்தான் முதல் நாளே பல பேருக்கு இன்சுலின் அளவைக் குறைத்தார்கள். ‘இன்னிக்கு இதுங்க ஓடப்போற ஓட்டத்துக்கு வீட்டு டோஸ் தாங்காது’ என்றார் டாக்டர். ராத்திரி பத்து மணிக்கு டாக்டர்களும் நர்ஸுகளும் உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் அன்றைய நம்பரையும் பார்த்து மறுநாளைக்குத் திருத்தினார்கள்.

யாருடைய யோசனை இது? பழசு. கிட்டத்தட்ட இன்சுலின் அளவுக்கே பழசு.

1922 ஜனவரியில், கனடாவின் டொராண்டோ நகரத்தில் லியோனார்ட் தாம்ப்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதுவரைக்கும் இந்த வியாதிக்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி. சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக இன்னும் சில மாதங்கள் ஓட்டுவார்கள். அவ்வளவுதான். இன்சுலின் வந்ததும் சாகவேண்டிய குழந்தைகள் எழுந்து உட்கார்ந்தன. மூன்றே வருஷத்தில், 1925-ல், அமெரிக்காவின் மிச்சிகனில் லியோனார்ட் வென்ட் என்ற டாக்டர் இந்தக் குழந்தைகளுக்கென்று முதல் முகாமை நடத்திவிட்டார். உயிர் பிழைத்தாயிற்று, இனி வாழச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே!

பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்று ஒரு டாக்டர் இருந்தார். நோயாளியே தன் வைத்தியத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அடித்துச் சொன்னவர். இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918-ல், நோயாளிகளுக்காகவே ஒரு கையேடு எழுதியவர். அவருடைய முயற்சியும் சேர்ந்து 1932-ல் மாசசூசெட்ஸில், அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தைத் தொடங்கிய கிளாரா பார்ட்டன் பிறந்த இடத்தில், பெண் குழந்தைகளுக்கு ஒரு முகாம் ஆரம்பித்தார்கள். பையன்களுக்கு 1948-ல் தனியாக ஒன்று. டைப் 1 இருக்கும் குழந்தை, தன்னைப் போன்ற இன்னொரு குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

சிறுமலையில் முதல் ராத்திரிக்கு வருகிறேன்.

குழந்தைகள் ஒரு கட்டடம், பெற்றோர் வேறு கட்டடம். அம்மாக்களிடையே பெரிய கலவரம். ‘ராத்திரி யார் பார்ப்பா?’ அதற்குத்தான் தொண்டர்கள். பாதிப் பேர் கல்லூரி வயசுப் பிள்ளைகள். அவர்களுக்கே டைப் 1. சின்ன வயசில் இதே மாதிரி முகாமுக்கு வந்து போனவர்கள். ‘நீங்க போய்த் தூங்குங்கம்மா. நாங்க ரவுண்ட்ஸ் போவோம். ஏதாச்சும்னா டாக்டர் இங்கயேதான் இருக்கார்’ என்றார்கள்.

ரெண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. வராந்தாவில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அக்கா நிற்கிறாள். அவள் மட்டுமா? ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, பத்துப் பதினோரு அம்மாக்கள் வரிசையாக நிற்கிறார்கள். எதிர்க் கட்டடத்தில் டார்ச் வெளிச்சம் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்கு நகர்வதைப் பார்த்துக்கொண்டு.

‘நீங்களும் ரெண்டு மணியா?’ என்று ஒரு அம்மா கேட்க, அக்கா ‘ஆமாங்க, ரெண்டு’ என்கிறாள். ‘நான் ஒண்ணரைக்கும் மூணரைக்கும் வெச்சிருக்கேன்’ என்கிறார் இன்னொருவர், ஏதோ ஹோட்டல் இட்லி ரேட் மாதிரி. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். அக்கா சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அழவும் செய்தாள். தள்ளி நின்று பார்த்த எனக்கு எது முதலில் என்று சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அப்பாக்களுக்கு வகுப்பு. அத்தான் நல்ல மனிதர். ஆனால், ஊசி போடுவது அக்கா இலாகா என்று ஒதுங்கியிருந்தார். ‘எனக்குக் கை நடுங்கும்’ என்பார். ஆளுக்கொரு சிரிஞ்சைக் கொடுத்தார்கள். உள்ளே வெறும் உப்புத் தண்ணீர். ‘உங்க வயித்துல நீங்களே போட்டுக்குங்க சார்.’ இருபது அப்பாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டு குத்திவிட்டு, ‘அவ்ளோதானா?’ என்றார். கொஞ்சம் கழித்து மெதுவாக, ‘ஒரு தடவை அவ்ளோதான். தினம் நாலு தடவைல்லா?’ என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மகளுக்கு அவர்தான் போட்டார்.

கூடப் பிறந்தவர்களுக்கும் தனியாக ஒரு அறை. எங்கள் பையனுக்கு அப்போது ஏழு வயசு. ‘வீட்ல உனக்குப் பிடிக்காதது என்ன?’ என்று கேட்டிருக்கிறார்கள். ‘எனக்கும் சுகர் வந்தா நல்லாருக்கும்னு இருக்கும். அப்பத்தான் அம்மா என்கிட்டயும் ராத்திரி வருவாங்க’ என்றானாம். அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்த விஷயத்தை ரொம்ப அழகாகக் கையாளும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் உண்டு. ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் 2000-ம் வருஷம், டைப் 1 குழந்தைகளுடைய குடும்பங்கள் சில, டிஸ்னி வேர்ல்டில் சேர்ந்து சந்திக்கலாம் என்று கிளம்பினார்கள். அதுவே ‘ஃபிரெண்ட்ஸ் ஃபார் லைஃப்’ என்ற பெயரில் வருஷா வருஷம் நடக்கும் பெரிய மாநாடாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள். டயாபடிஸ் இருப்பவர்களுக்குப் பச்சை, இல்லாதவர்களுக்கு ஆரஞ்சு. அப்பா, அம்மா, தம்பி, தங்கை, தாத்தா எல்லோருக்கும் ஆரஞ்சு. பச்சைப் பட்டைக்காரர் யாராவது தள்ளாடினால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். அது ஒரு பலன். ஆரஞ்சுப் பட்டை கட்டிய தம்பிக்கு, ‘நீயும் இதில் ஒரு ஆள்’ என்று சொல்லிவிடுகிறார்களே, அது இன்னொரு பலன்.

சிறுமலையில் வேறு சில முகங்களையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கரண்ட் நிலையில்லாத கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா. வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்ன மண்சட்டி, சட்டிக்குள் இன்சுலின். மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாராம். டாக்டரே எழுந்து நின்று, ‘இதை எல்லாருக்கும் சொல்லுங்க’ என்றார். ‘மருந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரில குடுத்துடுறாங்க. இந்தச் சீட்டுதான் சார் கட்டுப்படியாகல’ என்றார் அந்த அம்மா. சீட்டு என்றால் மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப். எங்கள் அக்கா வாங்கும் பிராண்டில் ஒன்று இருபது ரூபாய். தினம் ஐந்து என்றால் மாசம் மூவாயிரம். ரெண்டு மணி அலாரத்துக்கும் பில் உண்டு.

இன்னொருவர், லாரி டிரைவர். ‘ஊசியே இல்லாம குணமாக்கிடறேன்’ என்று யாரோ சொன்னதை நம்பி மகனுக்கு இன்சுலினை நிறுத்தியிருக்கிறார். ரெண்டாம் நாள் பையன் ஐ.சி.யூ.வில். பிழைத்துக்கொண்டான். மைக்கைப் பிடித்து அதை அவரே சொன்னார். சொல்லிவிட்டு, ‘யாரும் நிறுத்திராதீங்க’ என்று கை கூப்பினார். வேறெதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள். டைப் 1-க்கு இன்றைய தேதியில் இன்சுலினை நிறுத்தும் வைத்தியம் எதுவும் வீதியில் விற்பதில்லை.

மலையேற்றத்தின்போது ஒரு பொடியன் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்து வியர்வை. மீட்டரில் 58. எழுபதுக்குக் கீழே போனால் ‘லோ’. யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. தொண்டர் பெண் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தாள், பதினைந்து கிராம். எல்லோரும் அங்கேயே உட்கார்ந்து பதினைந்து நிமிஷம் விடுகதை போட்டார்கள். திரும்பப் பார்த்தால் 96. நடையைக் கட்டினார்கள். வீட்டில் இதே சம்பவம் நடந்திருந்தால் பாட்டி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருப்பார்.

அந்தத் தொண்டர் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வயது இருபத்தெட்டு. ஆறு வயசிலிருந்து டைப் 1. கல்யாணமாகி ரெண்டு வயசில் குழந்தை. இது தெரிந்ததும் அவளைச் சுற்றி அம்மாக்கள் கூட்டம். சுகரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ‘மாப்பிள்ளை வீட்ல சொன்னீங்களா?’

‘முதல் நாளே சொல்லிட்டோம் ஆன்ட்டி. மூணு இடம் தட்டிப்போச்சு. நாலாவதா வந்தவரு, ராத்திரி லோ ஆனா என்ன குடுக்கணும்னு கேட்டாரு. அவரத்தான் கட்டிக்கிட்டேன்.’

‘மூணு இடம் போச்சே, கஷ்டமா இல்லியாம்மா?’ என்றாள் அக்கா.

‘இருந்துச்சு. சொல்லாமக் கட்டிக்கிட்டு, பாத்ரூம்ல ஒளிஞ்சு ஊசி போட்டுக்கிட்டிருந்தா இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்.’

ஒளிப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எலிசபெத் ஹியூஸ் என்று ஒரு பெண். அப்பா அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சர். 1922-ல் பட்டினி வைத்தியத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவளை டொராண்டோவுக்கு அழைத்துப்போய் இன்சுலின் போட்டார்கள். பிழைத்தார், படித்தார், மணந்தார், பிள்ளை பெற்றார். 1981-ல் இறக்கும்போது 73 வயது. வாழ்நாளில் நாற்பதாயிரத்துக்கும் மேல் ஊசி. ஆனால், தனக்கு டயாபடிஸ் என்பது வெளியே தெரியாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டார். இன்னொரு பக்கம், ஏழு வயசில் டைப் 1 வந்து, தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்ட சோனியா சோட்டோமேயர். 2009-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அதை 2013-ல் வந்த தன் சுயசரிதையில் ஊருக்கே சொன்னார். நமக்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமா? வாசிம் அக்ரம். 1997-ல் சுகர் என்று தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே பந்து வீசினார். 2003 உலகக் கோப்பையில் ஒரு நாள் போட்டிகளில் 500 விக்கெட் என்ற மைல்கல்லைத் தொட்டார். ஊசி போட்டுக்கொண்டது எலிசபெத்தும்தான், அக்ரமும்தான். ஒருவர் கூடுதலாக ஒரு மூட்டையைச் சுமந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கட்டுரைக்காக அக்கா மகளிடம், ‘உன் பேரைப் போட்டுக்கட்டுமா?’ என்று கேட்டேன். ‘போட்டுக்கோங்க மாமா. இனிஷியலோட போடுங்க’ என்றாள். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘வேணாம்டா’ என்றாள். ஆகவே போடவில்லை. மூன்று நாள் முகாமில் எல்லாம் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை, பாருங்கள்.

சில விஷயங்கள் மாறின. அந்த ஜூனில் அக்கா ஸ்கூலுக்குப் போய், தைராய்டு இல்லை, டைப் 1 என்று சொல்லிவிட்டாள். வகுப்பு டீச்சர் இப்போது மேஜை டிராயரில் குளுக்கோஸ் பாக்கெட் வைத்திருக்கிறார். ஒரு தோழியின் அம்மா, தன் பெண்ணுக்கு வேறு பெஞ்ச் கேட்டார். அதுவும் நடந்தது. ‘ஒட்டாது ஆன்ட்டி’ என்று எங்கள் பெண்ணே அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். பெஞ்ச் மாறியதா என்று கேட்கிறீர்களா? மாறியது. ரெண்டு வாரம் கழித்துத் தோழி தானாகவே பழைய இடத்துக்கு வந்துவிட்டாள்.

முகாமுக்குப் போக முடிந்த குழந்தைகள் கொஞ்சம். மீதிப் பேருக்கு உங்களால் செய்ய முடிந்தது நிறைய இருக்கிறது. நீங்கள் டீச்சரா? பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு இந்தப் பிள்ளைகள் சாக்லேட், பழம், தண்ணீர் கொண்டுபோகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-லேயே சொல்லிவிட்டது. பள்ளியில் சுகர் பார்க்கவும், இன்சுலின் போடவும், இடையில் சாப்பிடவும் விட வேண்டும் என்று 2023-ல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. பரீட்சை ஹாலில் கையிலிருந்த மிட்டாயைப் பிடுங்கி வைத்தார்கள் என்று ஒரு அப்பா முகாமில் சொன்னார். அந்த மிட்டாய் காப்பி அடிக்கிற பிட் அல்ல, மருந்து. நீங்கள் பக்கத்து வீடா? ‘ஐயோ பாவம்’ வேண்டாம். ‘பாகற்காய் ஜூஸ் குடும்மா’வும் வேண்டாம். ‘லோ ஆனா என்ன செய்யணும்?’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், போதும். மாமியாரா? பேத்தி கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது. ஊசிக்கு இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது. எது அவசரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

2025 மே மாதமும் அக்கா குடும்பம் முகாமுக்குப் போனது. இந்த முறை அக்கா தொண்டர் பட்டியலில். முதல் ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோடு ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வந்தால், வராந்தாவில் ஒரு புது அம்மா தனியாக நிற்கிறார். பிள்ளைக்கு டைப் 1 என்று தெரிந்து நாலு மாசம்தான் ஆகிறதாம்.

‘நீங்க போய்த் தூங்குங்க. நாங்க பாத்துக்குறோம்’ என்றிருக்கிறாள் அக்கா.

அவர் போகவில்லை. போக மாட்டார் என்று அக்காவுக்கும் தெரியும். உள்ளே போய் ஒரு சேரை எடுத்துவந்து போட்டாள். பிறகு இன்னொன்றையும்.